ஈரத்துணி

– கைய எடுங்க மதினி. பிள்ளையத் தொடாதீக.

– தொட்டில் கயிறு முறுக்கிக் கெடக்கு தாயி. நேராக்கி விடுறேன், அம்புட்டுத்தான்.

– அத நான் பாத்துக்கிருவேன். நீங்க உங்க பையக் கட்டுங்க. நாலு மணிக்கு உங்க தம்பி ஆட்டோவோட வந்துருவாரு. வந்த பெறகு சேலையத் தேடுறேன், செருப்பத் தேடுறேன்னு நிக்காதீக.

– கட்டுறதுக்கு என்ன இருக்கு லட்சுமி. வரும்போது ரெண்டு சேலையோட வந்தேன். போகும்போதும் அதே ரெண்டுதான். இந்தப் பாண்டிமீனாவுக்கு எந்தக் காலத்துல பொட்டி நெறஞ்சிருக்கு.

– இந்தப் பேச்சுதான் வேணாங்கறேன். புருசன் விட்டுட்டுப் போனவ, தம்பி பிள்ளைய வளக்க வந்தவ, அவளப் போயி இந்த வீரலட்சுமி வெரட்டி விட்டாளேன்னு நாளைக்குத் தண்ணிக் குழாய்ல நின்னு பேசுவாளுக. பேசட்டும். எனக்கு இப்ப எவ பேச்சும் உறைக்காது.

– நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தாயி.

– சொல்ல மாட்டீக. அதுதான என் வயித்தெரிச்சலே. நாலு நாளா ஒரே ஒரு கேள்வி கேக்கேன். அதுக்கே வாயத் திறக்க மாட்டேங்கிறீக.

– சத்தத்தக் கொற. பிள்ள முழிச்சிரும்.

– முழிக்கட்டும். அவ முழிச்சாத்தான் எனக்கு உசுரு வருது. தூங்குனா மூக்குல விரல வச்சுப் பாக்கேன். மூச்சு விரல்ல படுற வரைக்கும் என் மூச்சு நிக்கி. நேத்து அசந்து தூங்குன பிள்ளையத் தொடையில கிள்ளி எழுப்புனேன். அவ வீல்னு அழுத பெறகுதான் எனக்கு ஒரு வாய் சோறு எறங்குச்சு. பெத்த பிள்ளையக் கிள்ளுறவளா என்ன ஆக்கிட்டீக.

– நெஞ்சு ஏறி எறங்குது பாரு. நல்லாத்தான் இருக்கா. ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு, உள்ள ஒண்ணும் தங்கல, பயப்படாமக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டரம்மா சொல்லுச்சுல்ல.

– டாக்டரம்மா சொல்லும். சொல்லிட்டு வீட்டுக்குப் போயித் தூங்கிரும். நேத்துச் சாயங்காலம் பால் குடிக்கையில ஓவியா ஒரு இருமல் இருமுனா. புரையேறுன இருமல். ஏழு மாசப் பிள்ளைக எல்லாத்துக்கும் வர்றதுதான். நான் என்ன செஞ்சேன்? பிள்ளையத் தூக்கிக்கிட்டு, முந்தான எங்க கெடக்குன்னு தெரியாம, நடுத்தெருவுல ஓடுனேன். டீக்கடையில இருந்த ஆம்பளைக அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுட்டாக.

– நான்தான துண்ட எடுத்துக்கிட்டு உன் பின்னாலயே ஓடியாந்து போத்திவிட்டேன்.

– துண்டு. ஆமா. எப்பப் பாத்தாலும் உங்க கையில ஒரு துண்டு இருக்கும். அன்னைக்கும் அதத்தான தூக்குனீக.

– திரும்பவும் ஆரம்பிக்காத தாயி.

– ஆரம்பிப்பேன். ஆட்டோ வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். நான் சொல்லிக்கிட்டு வாரேன், சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. அன்னைக்குச் செவ்வாக்கெழம. மத்தியானம் ஒரு மணி. பிள்ளைக்குப் பல்லு ஊறுது, எதையாச்சும் கடிக்கணும்னு கத்துறா. வெள்ளரிப் பிஞ்சத் தோல் சீவி, நீளமா நறுக்கிக் கையில குடுத்தீக.

– குடுத்தேன்.

– அத நான் குத்தம் சொல்லல. நம்ம பக்கம் சாத்தூரு வெள்ளரிக்காயக் கடிக்காம எந்தப் பிள்ளைக்குப் பல்லு மொளைச்சிருக்கு. முந்துன வாரம் நானே குடுத்தேன். கீழ ரெண்டு அரிசிப்பல்லு ஊசி மாதிரி வந்து நின்னது எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. நறுக்குன்னு ஒரு துண்டக் கடிச்சிட்டா. தொண்டையில போயி அடைச்சிருச்சு. இதுவரைக்கும் யாரு மேலயும் தப்பில்ல. சரியா?

– சரி.

– அடைச்ச பிள்ளைக்கு அழுகையும் வராது, இருமலும் வராதுன்னு நர்சம்மா சொன்னாக. வாயத் திறக்குறா, சத்தம் இல்ல. மூஞ்சி சாம்பலாப் போகுது. ஒதடு கறுக்குது. எதிர்ல உக்காந்து பாக்குறது நீங்க. பாத்துட்டு என்ன செஞ்சீக?

– அதான் ஊருக்கே தெரியுமே.

– ஊருக்குப் பக்கத்து வீட்டுச் சோலையம்மாக்கா சொல்லித் தெரியும். எனக்கு உங்க வாயால தெரியணும். அவுக ரசத்துக்குப் புளி கேக்க உள்ள வந்தாகளாம். "உங்க மதினி பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு, ஈரத்துணியால மூஞ்சியத் துடைக்கா வீரா. இருக்கன்குடி கோயிலுக்கு மொட்டையடிக்கக் கூட்டிட்டுப் போற பிள்ளைய சிங்காரிக்கிற மாதிரி, பொறுமையா, மூக்க ஒரு துடைப்பு, தாடைய ஒரு துடைப்பு. பிள்ள கண்ணு சொருகிக் கெடக்கு"ன்னு சொன்னாக.

– அவ சொன்னது நெசந்தான்.

– அங்கன்வாடி ஆயாவான அவுகளுக்குப் பயிற்சி குடுக்காகன்னு சொன்னப்ப நம்ம தெருவே சிரிச்சுச்சு. சோறு பொங்கிப் போடுறதுக்கு என்னத்துக்குப் பயிற்சின்னு நானும்தான் சிரிச்சேன். அந்த மகராசி அத மறக்கல. உங்க மடியில இருந்து பிடுங்கி, முன்னங்கையில குப்புறப் போட்டு, தலை கீழ தொங்க, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல உள்ளங்கையால தட்டுனாக. நாலாவது தட்டுல வெள்ளரித்துண்டு தரையில விழுந்துச்சு. அப்புறந்தான் பிள்ள அழுதா. அன்னைக்கு அவுக வீட்டுல புளி இருந்திருந்தா?

– நான் இன்னைக்கு உசுரோட இருக்க மாட்டேன்.

– நீங்க இருப்பீக. நானும் இருப்பேன். நாலாம் நாள் கறிச்சோறு கூடத் தின்னுருப்போம். அவதான் இருக்க மாட்டா.

– ஆத்தாடி, என்ன பேச்சு பேசுற.

– பின்ன எப்படிப் பேச. தண்ணி தெளிச்சா சரியாப் போகும்னு நெனச்சீகளா? மயக்கம்னு நெனச்சீகளா? தொண்டையில சிக்குனத ஊதித் தொக்கம் எடுக்குறவருகிட்ட தூக்கிட்டு ஓடியிருந்தாக்கூட, விவரம் தெரியாதவ, பதறிப்போயி ஓடியிருக்கான்னு என் மனசு ஆறியிருக்கும். வாய்க்குள்ள விரல விட்டுத் தோண்டியிருந்தாக்கூட, அது தப்புன்னு நர்சம்மா ஏசுனாக, ஆனாலும் பதட்டத்துல செஞ்சதுன்னு விட்டிருப்பேன். மூச்சு நிக்கிற பிள்ளைய மடியில வச்சு நிதானமாத் துடைக்கதுக்கு என்ன மனசு வேணும் மதினி?

– என் புத்தி மழுங்கிப் போச்சுன்னு வச்சுக்கோ.

– வச்சுக்க மாட்டேன். உங்களுக்கு மழுங்குற புத்தி கெடையாது. போன மாசம் அடுப்படிக்குள்ள நல்ல பாம்பு வந்தப்ப, பிள்ளைய ஒரு இடுப்புல, தண்ணிக் குடத்த மறு இடுப்புல தூக்கிக்கிட்டு, கதவையும் சாத்திட்டு வெளிய வந்தீக. உங்க தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துறாரு. உங்க குடத்துல தண்ணி தளும்பல. அந்தப் பாண்டிமீனாவுக்கா புத்தி மழுங்கும்?

– பாம்பு கண்ணுக்குத் தெரிஞ்சது தாயி.

– கறுத்துப் போன ஒதடு தெரியலயா? … தலையக் குனியாதீக. அப்ப ஒண்ணுதான் மிச்சம். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பெத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பெறாத வயிறு எங்க பதறும்.

– லட்சுமி.

– என்ன லட்சுமி.

– அந்த வார்த்தைய என் மாமியா சொன்னா, கேட்டுக்கிட்டேன். என்ன விட்டுட்டுப் போனவன் பஸ் ஸ்டாண்டுல வச்சுச் சொன்னான், அதையும் கேட்டுக்கிட்டேன். உன் வாயில இருந்து மட்டும் அது வந்திருக்கக் கூடாது.

– வந்திருச்சு. பதில் சொல்லுங்க. திரும்ப வாங்கிக்கிறேன்.

– பதில் இல்ல.

– அப்ப பையக் கட்டுங்க.

– கட்டுறேன். ஆனா திங்கக்கெழம நீ வேலைக்கு எப்படிப் போவ? பட்டாசுக் கம்பெனியில தீவாளி சீசன் நேரம். அன்னைக்கு வரலன்னா உன் இடத்துல வேற ஆளப் போட்டுருவேன்னு போர்மேன் பாலகுரு சொல்லி விட்டிருக்காருல்ல. பிள்ளைய யாரு பாப்பா?

– எவளாச்சும் பாப்பா. துணியத் தேடாத எவளாச்சும்.

– ஏ வீரா, உன் சத்தம் தெரு முக்கு வரைக்கும் கேக்கு. என்னக்கா, கட்டியாச்சா?

– வாப்பா மணிமுத்து. வேர்த்து ஊத்துது. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பேசு.

– தண்ணி வேணாம்க்கா. லோடு ஏத்துறத பாதியில விட்டுட்டு ஓடியாந்திருக்கேன். உன்ன சாத்தூர்ல நாகையா சித்தப்பா வீட்டுல விட்டுட்டு அஞ்சு மணிக்கெல்லாம் நான் திரும்பணும். சித்தப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலையும் பாத்துத் தாரேன்னாரு.

– நல்லதுப்பா.

– ஒத்த வார்த்தையில நல்லதுங்கிற. என் மனசு கெடந்து கொதிக்குதுக்கா. அம்மா செத்த பெறகு எனக்குத் தலை சீவி விட்டவ நீ. அப்பேர்ப்பட்ட உன்ன நானே வண்டி வச்சு அனுப்புறேன். இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தா மூளைக்குக் காத்துப் போயிருக்காது, பொழைச்சாலும் நடமாட்டம் இருந்திருக்காதுன்னு டாக்டரம்மா என் மூஞ்சிக்கு நேரா சொன்னாக. அந்த ஒரு நிமிசத்துக்குக் காரணமான ஆளு, அது என்னப் பெத்தவளா இருந்தாலும் சரி, இனி இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி வாசல்லயே ஆணை போட்டுட்டேன்.

– போட்ட ஆணை போட்டதாவே இருக்கட்டும். நான் மறுத்துப் பேசலயே.

– பேச முடியாதுக்கா. இந்த வீட்டுல நான் ஒண்ணு சொன்னா அது நிக்கணும். ரெண்டு மாசத்துக்கு முன்னால ஓவியா மேலெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்துச்சே. புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துற கையோட பிள்ளையத் தூக்குறீகளான்னு டாக்டர் இவளக் கேட்டாரு. அன்னைக்கே பிள்ள தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். வேல முடிஞ்சு வந்து, தலையோட குளிச்சு, சேலை மாத்தாமப் பிள்ளையத் தொட மாட்டேன்னு பண்ணுனா. இன்னைக்கு வரைக்கும் தொடுறாளா? பெத்தவளே சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிக்கிறா.

– ஆமாப்பா. நிக்கிறா.

– அந்தக் கதை இப்ப எதுக்குங்க. வண்டி எங்க?

– தெரு முக்குல நிக்கி. சந்துக்குள்ள வராதுன்னு டிரைவர் சங்கரபாண்டியன் மொரண்டு பிடிக்கான். நான் போயி வாசலுக்கே கூட்டிட்டு வாரேன். அதுக்குள்ள முடிங்க. சண்ட போட நேரமில்ல.

– சீக்கிரம் வாங்க. … என்ன மதினி, பைய முந்தானையால மூடுறீக?

– ஒண்ணுமில்ல. பழைய சேல.

– பழைய சேலைக்கா இம்புட்டு இறுக்கிப் பிடிப்பாக. காட்டுங்க.

– விடு லட்சுமி. கந்தல் துணி.

– கந்தல இங்கனயே போட்டுட்டுப் போங்களேன். விடுங்க கைய. … இது ஓவியா துண்டுல்ல. பச்சக் கரை போட்டது. பிள்ள பெறந்தப்ப எங்கம்மா எடுத்துக் குடுத்தது. ரெண்டு மாசமாத் தேடுறேன். எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னு சொன்னீகளே.

– எலி இழுத்த துணிதான். குடு.

– எலி வாய் இவ்வளவு சுத்தமா மடிச்சு வைக்குமா? என் பிள்ள துணியத் திருடிக்கிட்டா போறீக. இதென்ன, அடுப்புச் சாம்பலா? சாம்பல் மினுங்காதே. விரல்ல ஒட்டுதே. மதினி, இது அலுமினியப் பவுடரு. எங்க கம்பெனி வெள்ளி.

– சத்தம் போடாத.

– பிள்ள துண்டுல இது எப்படி வந்துச்சு?

– நீ சொல்லு, எப்படி வந்துச்சு.

– எனக்கென்ன தெரியும்.

– தெரியும். நாலு நாளா நீ கேட்ட, நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நான் கேக்கேன். மத்தியானம் பன்னெண்டரைக்குச் சோத்து மணி அடிச்ச கையோட, பின்வாசல் வழியா பூன மாதிரி வர்றது யாரு?

– நீங்க … அந்நேரம் தூங்கிக்கிட்டுல்ல இருப்பீக.

– முந்தானைய மூஞ்சியில போட்டுக்கிட்டா அது தூக்கமா? நீ வந்துட்டுப் போற வரைக்கும் நான் புரண்டு கூடப் படுக்க மாட்டேன். அசைஞ்சா நீ பயந்து ஓடிருவ. பிள்ளைக்குப் பாதிப் பால்ல நின்னு போகும். கால்ல எறும்பு கடிச்சாலும் கட்டை மாதிரி கெடப்பேன்.

– பால் கட்டிரும் மதினி. நெஞ்சு கல்லாப் போயிரும். மத்தியானம் ஆனா சட்டையெல்லாம் நனைஞ்சிரும். ஆம்பளைக நடமாடுற எடத்துல எப்படி நிக்க? அரைமணி நேரத்துல நான் குளிக்கவா, பால் குடுக்கவா? வேலைக்காகச் சேலைக்கு மேல போட்டிருக்க ஆம்பளச் சட்டையக் கழட்டி வாசல்லயே போட்டுட்டு, கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் அவளத் தூக்குனேன். வெறுங்கையாத்தான் தூக்குனேன்.

– கையக் கழுவுன. கழுத்து? வேர்வையோட வேர்வையா அதுல ஒட்டுனது? பால் குடிக்கிற பிள்ள சும்மாவா கெடக்கும். உன் கழுத்தப் பிசையும். அதே கைய மூஞ்சியில தேய்க்கும், வாயில வைக்கும். நீ போன பெறகு எந்திரிச்சுப் பாத்தா மூக்கு, ஒதடு, தாடை பூராம் சாம்பல் பூத்து நிக்கும். உன் புருசன் கண்ணுல படாம ரெண்டு மாசமா ஒரு நாள் தப்பாம துடைச்சவ நான். துண்ட எம்புட்டு அலசியும் அந்த வெள்ளி போகல. கொடியில போட்டா அவன் பாத்துருவான்னு இடுக்குல ஒளிச்சு வச்சேன்.

– செவ்வாக்கெழம…

– செவ்வாக்கெழமையும் வந்த. நேரமாச்சுன்னு பாதிப் பால்ல பிடுங்கிப் போட்டுட்டு ஓடுன. பிள்ள கத்துனா. வெள்ளரிக்காயக் கையில குடுத்துட்டு, துண்ட நனைக்கத் தண்ணிப் பானைக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா மூஞ்சி சாம்பலா இருக்கு. ஒதடு சாம்பலா இருக்கு. தெனமும் அப்படித்தான தாயி இருக்கும். மடியில தூக்கிப் போட்டுத் துடைச்சேன்.

– மதினி, போதும்.

– கேட்டல்ல, முழுசாக் கேளு. துடைக்கத் துடைக்கப் போகல. எப்பவும் ரெண்டு இழுப்புல போயிரும். இன்னைக்கு என்ன இம்புட்டு அப்பிட்டுப் போயிருக்கான்னு மனசுக்குள்ள உன்ன ஏசிக்கிட்டே துடைச்சேன். பிள்ள அடங்கிப் படுத்திருக்கேன்னு சந்தோசம் வேற. தெனமும் துடைக்கையில துள்ளுவா. அன்னைக்குத் துள்ளல. அந்த நேரத்துல சோலையம்மா பிடுங்கிட்டா. அவ கையில தொங்குறப்பதான் பாக்கேன், ஒதட்டுல இருந்தது கறை இல்லன்னு.

– ஏன் சொல்லல? நாலு நாளா நான் வாய்க்கு வந்தபடி ஏசுறேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வாய் அடைச்சிருக்கும்ல.

– வாய் அடைச்சிருக்கும். மனசு? பிள்ள தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணிட்டு மறு நாளே மீறுனவ நீ. இதச் சொன்னா, சத்தியம் தப்புனதுக்குத்தான் பிள்ளைக்கு இப்படி வந்துச்சுன்னு நெனைப்ப. அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற அன்னைக்கும் அதத்தான் நெனைப்ப. மாரியாத்தா உன்னத் தண்டிக்க வெள்ளரிக்காயத் தூக்கிக்கிட்டு வரல. அது பல்லு செஞ்ச வேல. ஆனா உன் புத்திக்கு அது ஏறாது. எனக்கு உன்னத் தெரியும். கெட்டவ ஒருத்தி வீட்ட விட்டுப் போயிட்டான்னா, நீ நிம்மதியாத் தூங்குவ.

– உங்களுக்கு என் மேல கோவமே வரலயா?

– வராம? அவன் மேல வருது, என்ன பொழப்புன்னு பாக்காம சத்தியம் வாங்குனானே. உன் மேல வருது. என் மேல அதவிட வருது. கண்ணாடி போடுக்கான்னு போன வருசமே அவன் சொன்னான். நான்தான் கிழவி ஆகலன்னேன். அதெல்லாம் இப்ப எதுக்கு? துண்ட மடிச்சுக் குடு. போற வழியில எங்கயாச்சும் போட்டுருவேன். இது உன்னோட என்னோட போகட்டும். திங்கக்கெழமையில இருந்து சோலையம்மாகிட்ட பிள்ளைய விடு. எதக் குடுத்தாலும் மசிச்சுக் குடுக்கச் சொல்லு. வண்டிச் சத்தம் கேக்கு, கண்ணத் துடை.

– நான் அவருகிட்ட…

– ஒண்ணும் சொல்லாத. அவன் ஆணைய ஆஸ்பத்திரி வாசல்ல நாலு பேரு முன்னால போட்டிருக்கான். சொன்னியோ, இந்தப் பையில என் சேலைக்குப் பதிலா உன் சேல இருக்கும். பால் குடிக்கிற பிள்ளைய விட்டுட்டு நீ எங்க போவ? வாய மூடிக்கிட்டு நில்லு.

– கெளம்புக்கா. வாசல்ல நிக்கான். அஞ்சு நிமிசத்துக்கு மேல நிக்க மாட்டேங்கிறான். பைய என்கிட்ட குடு.

– இந்தாப்பா. கனமில்ல.

– என்ன வீரா, இவ்வளவு நேரம் தெருவே கேக்கக் கத்துன. இப்ப பேயறஞ்ச மாதிரி நிக்க.

– ஒண்ணுமில்லங்க.

– தூக்கம் இல்லப்பா அவளுக்கு. ராவெல்லாம் பிள்ள மூக்குல விரல வச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. இன்னைக்காச்சும் அவளத் தூங்கச் சொல்லு.

– அக்கறைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அக்கா, வண்டி ஏறதுக்கு முன்னால கடைசியாக் கேக்கேன். என்னத் தூக்கி வளத்த கை உன் கை. அந்தக் கை ஏன் அன்னைக்கு ஈரத்துணியத் தேடுச்சு?

– புத்தி மழுங்கிருச்சுப்பா.

– கேட்டியா வீரா. இதுதான் பதிலாம். நாலு நாளு கழிச்சு, என் பிள்ள உசுருக்கு, இதுதான் பதிலாம். இதுக்கு மேல நான் அக்கான்னு எளகுனா நான் தகப்பன் இல்ல. நட.

– ஒரே ஒரு தடவ ஓவியா மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன். தொட மாட்டேன். தள்ளி நின்னு பாக்கேன்.

– வேணாம்க்கா. பாத்த வரைக்கும் போதும்.

– தூக்கிக்கோங்க மதினி.

– என்ன சொல்ற வீரா?

– பிள்ளையத் தூக்கிக்கோங்கன்னு சொன்னேன். முழிச்சுட்டா, உங்களத்தான் பாக்கா.

– லட்சுமி, வேணாம் தாயி. நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

– இந்தாங்க, இந்தத் துண்ட வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.

– பிள்ள துண்டு. எலி இழுத்துட்டுப் போனதா சொன்னியேக்கா. என்ன இது, மினுங்குது? வெள்ளி மாதிரி… வீரா, இது உங்க கம்பெனி மருந்துல்ல? இது எப்படிப் பிள்ள துண்டுல வந்துச்சு?

– அவ பேச்சக் கேக்காதப்பா, தூக்கம் கெட்டுப் போயி என்னத்தையோ ஒளறுறா. வா, வண்டிக்காரன் போயிருவான்.

– போக மாட்டான். மதினி பைய உள்ள வச்சிருங்க. ஆட்டோவ நிக்கச் சொல்லுங்க. அந்த ஒரு நிமிசத்துக்குக் காரணமானவ இன்னும் வண்டியில ஏறல.